உப்பைக் கழுவுவதா, காய்ச்சுவதா?

பெரியோர்களே, உப்பளத் தோழர்களே,

இந்த மேசைமேல் இரண்டு கண்ணாடித் தம்ளர்கள் இருக்கின்றன. இரண்டிலும் நம் தூத்துக்குடி உப்பைத்தான் ஒரு கைப்பிடி போட்டுக் கலக்கினேன். ஒன்றின் அடியில் சாம்பல் நிற வண்டல் படிந்திருக்கிறது. மற்றொன்று பளிங்காக இருக்கிறது. ஆனால் தெளிந்த தம்ளரையும் நம்பிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் மண்ணைவிட, கரைந்து நிற்கும் மக்னீசியம்தான் பெரிய தொல்லை. அடைமழைக் காலத்தில் ஜாடி உப்பு நீர்த்துப்போய்க் கரண்டியில் ஒட்டுகிறதே, நாவில் ஒரு கசப்பு தங்குகிறதே, இரண்டும் அதன் வேலை.

கடல்நீர் பாத்திக்கு வரும்போது அதன் செறிவு போமே அளவுகோலில் மூன்று, மூன்றரை டிகிரி. பதின்மூன்றை ஒட்டி ஜிப்சம் இறங்கத் தொடங்கும். இருபத்தைந்தில் உப்பு விளையும். இருபத்தொன்பது, முப்பதைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் கூடவே ஏறிக்கொள்ளும். “இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும், எடை கூடும்” என்ற ஆசையில், உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரைத் திறந்துவிடாமல் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு நாள் எடையை நீக்கத்தான் பிறகு ஆலைக்குச் செலவழிக்கிறோம்.

சரி, உப்பைக் கரைத்துக் காய்ச்சும் சுத்திகரிப்பு ஆலை கட்டுபடியாகுமா? கணக்குப் போடுவோம். நூறு கிலோ நீரில் 36 கிலோ உப்புக் கரையும். ஆகவே ஒரு டன் உப்பைக் கரைத்து, சலவைச் சோடா போட்டுத் தெளியவைத்து, மறுபடி காய்ச்சி எடுக்க ஏறக்குறைய 2,800 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கலனின் ஆவியால் அடுத்த கலனைச் சூடாக்கி எரிபொருளை மிச்சப்படுத்தலாம். அதற்கான முதலீடு சிறு உற்பத்தியாளரின் கைக்கு எட்டாது. வெயில் இனாமாகச் செய்துகொடுத்த வேலையை விறகும் நிலக்கரியும் கொண்டு இன்னொரு முறை செய்வானேன்?

கழுவும் முறை வேறு. உப்பை நொறுக்கி, செறிந்த உப்புநீராலேயே கழுவுகிறோம். நல்ல நீரென்றால் உப்பே கரைந்து ஓடிவிடும். நொறுக்குவது முக்கியம், ஏனெனில் கசப்பு நீர் படிகத்தின் வயிற்றுக்குள்ளும் அடைபட்டிருக்கும். சுழற்றிப் பிழிந்தபின் மூன்று சதவீத ஈரம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டன்னுக்கு உலர்த்த வேண்டியது முப்பது கிலோ நீர்தான். அங்கே 2,800, இங்கே 30! கழுவலில் கரையும் உப்பையும் பாத்திக்கே திருப்பிவிடலாம். உணவு உப்புக்குச் சட்டம் கேட்கும் 96 சதவீதத் தூய்மைக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

அயோடின் சேர்க்கும் செலவைக் கண்டு யாரும் மலைக்க வேண்டாம். டன்னுக்கு ஐம்பது கிராம் பொட்டாசியம் அயோடேட் தெளித்தால் அயோடின் 30 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் முப்பது பங்கு, வந்துவிடும். ஆனால் ஈர உப்பில் அது நிற்காது, மூட்டைக்குள்ளேயே கசிந்து இறங்கிவிடும்.

உண்மையான சிக்கல் பருவம். வடகிழக்கு மழை இறங்கினால் அளம் ஓய்ந்துவிடும். ஆலைக் கடனின் வட்டி ஓயாது. கீற்று வேய்ந்த அம்பாரம் போதுமான அளவு இருந்தால் மழை மாதங்களிலும் ஆலை ஓடும். அம்பாரத்தில் கிடக்கும் உப்பில் மக்னீசியம் காற்றின் ஈரத்தை இழுத்துத் தானாகவே வடிந்து இறங்குவதை நம் முன்னோர் கண்டிருந்தார்கள். பத்து ஏக்கர்காரர் தனியாக இதில் இறங்க வேண்டாம். பக்கத்து அளக்காரர்களுடன் சேர்ந்து பொதுவில் ஒரு கழுவும் ஆலை போடுங்கள். அங்கே உப்பை எடைக்கு மட்டும் வாங்காமல், மக்னீசியத்தைச் சோதித்து அதற்கேற்ப விலை போடுங்கள். அப்போது இருபத்தொன்பது டிகிரியில் மடையைத் திறக்க யாரும் யோசிக்க மாட்டார்கள்.