முடிஞ்சுபோன சண்டைக்கு போன் பில்லுல வரி

எல்லாருக்கும் வணக்கம். சாப்பாட்டு நேரம் நெருங்குது, நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

அமெரிக்காவுல வீட்டு போன் வச்சிருந்தவங்க பழைய பில் இருந்தா எடுத்துப் பாருங்க, அடியில பொடி எழுத்துல ஃபெடரல் எக்சைஸ் டாக்ஸ்னு இருக்கும், அதாவது போன் சேவை மேல மத்திய அரசு போடற வரி, 3 சதவீதம். இதோட பூர்வீகம் 1898. ஸ்பெயினோட சண்டை, செலவுக்குக் காசு வேணும்னு 15 சென்டுக்கு மேல ஆகற வெளியூர் கால் ஒவ்வொண்ணுக்கும் 1 சென்ட் போட்டாங்க. அன்னிக்கு போன்ல வெளியூர் பேசினவன் பணக்காரன், அதனால யாரும் அலட்டிக்கல. சண்டை அந்த ஆகஸ்ட்லயே ஓஞ்சிடுச்சு.

இங்க ஒண்ணு சொல்லணும், மேடைல பேசறவங்க நிறைய பேர் அன்னில இருந்து தொடர்ந்து வாங்கினாங்கன்னு அடிச்சு விடுவாங்க. அப்படி இல்ல. 1902ல எடுத்தாங்க, 1914ல திரும்ப வந்துச்சு, 1916ல போச்சு, 1917ல வந்துச்சு, 1924ல போச்சு, 1932ல கஜானா காலியா இருந்தப்ப உள்ள வந்து உக்காந்தது தான், அப்புறம் நகரவே இல்ல. 1941ல லோக்கல் போனுக்கும் போட்டாங்க, ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வெளியூர் காலுக்கு 25 சதவீதம் வரைக்கும் ஏத்தினாங்க. ஒழிச்சிடலாம்னு 1965ல சட்டமே போட்டாச்சு, அடுத்த வருஷமே வியட்நாம் செலவைக் காட்டி மறுபடி 10 சதவீதம்! அந்தச் சண்டைய எதிர்த்தவங்க பல பேர் பில்லுல இந்த வரிய மட்டும் கழிச்சிட்டு மீதிய கட்டினாங்க. 1990ல 3 சதவீதம் நிரந்தரம்னு ஆக்கிட்டாங்க.

2000ல கீழ்சபைல ஒழிக்கறதுக்கு 420 ஓட்டு, வேண்டாம்னு 2 ஓட்டு. ஆனா அத வேற ஒரு செலவு மசோதாவோட சேர்த்து அனுப்பினாங்க, அப்போ ஜனாதிபதியா இருந்த கிளின்டன் அத மொத்தமா வீட்டோ பண்ணிட்டாரு.

கடைசில கோர்ட்டு தான் வழி காட்டுச்சு. 1965 சட்டப்படி தூரம், பேசின நேரம் ரெண்டையும் பொறுத்து கட்டணம் மாறற கால் தான் வெளியூர் கால். ஆனா பின்னாடி கம்பெனிங்க எந்த ஊருக்குப் பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரே ரேட்னு வந்துட்டாங்க. தூரத்தைப் பொறுத்து கட்டணம் மாறலன்னா சட்டப்படி அது வெளியூர் காலே இல்ல, அப்புறம் எதுக்கு வரி? வரி வசூல் பண்ற ஐஆர்எஸ், தூரம், நேரம் ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும்னு பிடிவாதம் பிடிச்சுது. ஆபிஸ் சாமான் விக்கற ஆபிஸ்மேக்ஸ், ரயில் ஓட்டற ஆம்ட்ராக் மாதிரி பெரிய கம்பெனிங்க கேஸ் போட்டாங்க, அஞ்சு அப்பீல் கோர்ட்டுல ஐஆர்எஸ் தோத்துச்சு. 2006 மே மாசம் கருவூலத்துறை கைய தூக்கிடுச்சு. 2003 மார்ச்ல இருந்து 2006 ஜூலை வரைக்கும் வாங்கினதுக்கு ரீஃபண்ட், பழைய பில்லைத் தேட வேண்டாம், குடும்பத்துல தலைக்கு ஏத்த மாதிரி 30ல இருந்து 60 டாலர்.

சரி, முடிஞ்சுதான்னு கேட்டா, இல்ல. வெளியூர் கால், செல் பிளான், லோக்கலும் வெளியூரும் சேர்ந்த பேக்கேஜ் பிளானுக்கு தான் வரி போச்சு. லோக்கல் சேவைய மட்டும் தனியா வாங்கறவங்களுக்கு அந்த 3 சதவீதம் அப்படியே இருக்கு. யாரு அவங்க? செல்லு பிடிக்காத தாத்தா பாட்டி தான் முக்கால்வாசி இருப்பாங்கன்னு நெனைக்கிறேன், அவங்ககிட்ட போய் இன்னும் எந்தச் சண்டைக்கு வசூல்? அடுத்த தடவை உங்க ஏரியா காங்கிரஸ் மெம்பர் கை குலுக்க வந்தா, பேரனுக்கு இல்லாத வரி பாட்டிக்கு மட்டும் ஏன்னு கேளுங்க.

கேள்வி இருந்தா கேக்கலாம், மைக் அந்தப் பக்கம் வரும்.