மார்ஷா பி. ஜான்சனைக் குழந்தைங்களுக்கு எப்படிச் சொல்றது? கூடவே க்ரேப் பேப்பர் பூக்கிரீடம்!

வணக்கம் மக்களே! படப்புத்தகம்னா நான் முதல்ல படத்தைத்தான் பார்ப்பேன், எழுத்தெல்லாம் அப்புறம்தான்னு உங்களுக்கே தெரியும். இந்த வாரம் கைக்கு வந்தது, அமெரிக்காவுல திருநர் உரிமைக்காக நின்ன திருநங்கை மார்ஷா பி. ஜான்சனைப் பத்தின புத்தகம். அதுல படத்தைப் பார்த்ததுமே கடுப்பாயிடுச்சு. மார்ஷா கையில செங்கல்! ஸ்டோன்வால்ல முதல் கல்லை எறிஞ்சது அவங்கதான்னு கொட்டை எழுத்துல வேற.

இல்லவே இல்லைங்க. 1969 ஜூன் 28, நியூயார்க்ல தன்பாலின ஈர்ப்பாளர்களும் திருநரும் கூடுற ஸ்டோன்வால் இன் பாருக்குள்ள போலீஸ் புகுந்து, அதை எதிர்த்துக் கலவரம் வெடிச்ச ராத்திரி. தான் போய்ச் சேர்ந்தப்போ மணி ரெண்டு இருக்கும், கலவரம் ஏற்கெனவே ஆரம்பிச்சிடுச்சுன்னு மார்ஷாவே பேட்டியில சொல்லியிருக்காங்க. உண்மையிலேயே பெரிய மனுஷிக்கு இல்லாத செங்கல் எதுக்கு? பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். "மார்ஷாவும் அங்க இருந்தாங்க, பயப்படாம நின்னாங்க"ன்னு மாத்திப் படிங்க, போதும்.

நாலஞ்சு வயசுக்குப் பூவுலேர்ந்து ஆரம்பிங்க. வீடில்லாத நாள்ல மார்ஷா மன்ஹாட்டன் 28-வது தெரு பூ மார்க்கெட்ல மேசைக்கு அடியில படுத்துப்பாங்க. வியாபாரிங்க மிஞ்சின பூவைக் கொடுப்பாங்க. அதைக் கிரீடமாக் கட்டித் தலையில வச்சுக்கிட்டு ஜம்முனு நடப்பாங்க. பிளாஸ்டிக் பழம், சீரியல் பல்பு கூட வச்சிருக்காங்க. படிச்ச கையோட ஒரு கிரீடம் செஞ்சா குழந்தை மறக்கவே மறக்காது.

க்ரேப் பேப்பரை (சுருக்கம் சுருக்கமா, இழுத்தா விரியுற கலர் பேப்பர்) 5 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்க. பேப்பர்ல ஓடுற சுருக்கக் கோடு அகலவாட்டுல, அதாவது இதழோட உயரத்துக்கு நிக்கணும். இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. கோடு நீளவாட்டுல போனா, இதழை விரிக்க இழுக்கும்போது விரியாது, கிழியும். மேல் ஓரத்தை வளைவு வளைவா வெட்டி, சுருட்டி, அடியில நூல் கட்டுங்க. எட்டுப் பத்துப் பூ போதும். கம்பி 60 செ.மீ.; அந்த வயசுத் தலைச் சுற்று ஏறக்குறைய 50 தான், மிச்சம் கோத்து முறுக்க. நுனியை 1 செ.மீ. மடிச்சு டேப் சுத்தலைன்னா நெத்தியில குத்தும்.

அப்புறம் இந்தப் பசை! தயவுசெஞ்சு வெள்ளைப் பசையைத் தொடாதீங்க. அதுல இருக்கிற தண்ணி பட்டதும் க்ரேப் சாயம் விடும். வியர்வை பட்டாலும் அதே கதைதான், நெத்தியெல்லாம் சிவப்பு. நூலும் டேப்பும் மட்டும், உள்பக்கம் ஒரு பருத்தி ரிப்பன். அவ்வளவுதான்.

ஆங், முக்கியமானதை விட்டுட்டுப் பூ பின்னாடியே போயிட்டேன்! திருநங்கைங்கறதை எப்படிச் சொல்றது? "மார்ஷா பிறந்தப்போ எல்லாரும் பையன்னு சொன்னாங்க. அவங்களுக்கு மார்ஷாவா வாழப் பிடிச்சது, அப்படியே வாழ்ந்தாங்க." இவ்வளவே போதும். குழந்தை மேல கேட்டா மட்டும் மேல சொல்லுங்க. நடுவுல இருக்கிற 'பி' என்னன்னு கேட்டவங்களுக்கு "பே இட் நோ மைண்ட்", அதாவது "அதைக் கண்டுக்காதீங்க"ன்னு மார்ஷா பதில் சொல்வாங்க. பிள்ளைங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

அடுத்து 1970. மார்ஷாவும் அவங்க தோழி, திருநர் உரிமைப் போராளி சில்வியா ரிவேராவும் ஸ்டார்னு ஒரு அமைப்பைத் தொடங்கி, வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைங்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுத்தாங்க. முதல்ல சும்மா நின்ன ஒரு லாரி ட்ரெய்லர்ல, அப்புறம் ஒரு வீட்டுல. எனக்குக் கேட்டா புத்தகத்தோட நடுப்பக்கமே இதுவாத்தான் இருக்கணும். தங்களுக்கே இல்லாதப்போ கொடுத்தவங்க!

1992-ல அவங்க இறந்ததை இந்த வயசுக்கு ஒரே வரியில சொல்லுங்க. எப்படின்னு கேட்டா "யாருக்கும் நிச்சயமாத் தெரியல"ங்கறதுதான் நேர்மையான பதில்.

பெரியவங்க முன்னாடியே தயாராகணும்னா, எழுத்தாளர் டூர்மலீன் 2025-ல மார்ஷாவைப் பத்திப் பெரியவங்களுக்கு ஒரு வாழ்க்கை வரலாறும், குழந்தைங்களுக்கு ஒரு படப்புத்தகமும் எழுதியிருக்காங்க. பெரியதை நீங்க முதல்ல படிங்க. ஏன் இவ்வளவு அடிச்சுச் சொல்றேன்னா, அதே 2025 பிப்ரவரியில ஸ்டோன்வால் தேசிய நினைவுச்சின்னத்தோட அமெரிக்க அரசு இணையப் பக்கத்துலேர்ந்து திருநரைக் குறிக்கிற சொல்லையே எடுத்துட்டாங்க. அங்க இல்லாததை நம்ம வீட்டு அலமாரியிலயாவது சரியா வைக்கணும்.

புரூக்ளின்ல ஈஸ்ட் ரிவர் ஓரமா இருக்கிற பூங்காவுக்கு 2020-ல மார்ஷா பேரை வச்சாங்க. படிச்சு முடிச்சதும் மேப்பைத் திறந்து அதைக் குழந்தையையே தேடச் சொல்லுங்க. கிரீடத்துக்கான வெட்டு அளவெல்லாம் கீழ டிஸ்கிரிப்ஷன்ல போட்டுடறேன்.