ஒரு நாய், 20 டாலர்

நேயர்களுக்கு வணக்கம். 30 வருஷம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன் நான். முதன்முதலாக ஒரு பாண்டாவை உயிரோடு கடல் தாண்டிக் கொண்டுபோன கதை, எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

1869-ல் பிரெஞ்சுப் பாதிரியார் அர்மான் டேவிட் எழுதிய பிறகுதான் மேல்நாட்டாருக்கு இந்த விலங்கைப் பற்றித் தெரிந்தது. அதன்பின் 60 வருஷத்துக்கு மேல் அங்கே போய்ச் சேர்ந்ததெல்லாம் தோலும் எலும்பும்தான்.

1936-ல் நியூயார்க்கிலிருந்து ரூத் ஹார்க்னஸ் என்ற பெண்மணி கிளம்பினார். அவருக்கு உடை வடிவமைக்கும் தொழில், காடு பழக்கமில்லை. பாண்டா பிடிக்கச் சீனா போன கணவர் ஷாங்காயிலேயே இறந்துவிட, அவர் தொடங்கியதை முடிக்கத்தான் இவர் போனார். துணைக்கு குவென்டின் யங் என்ற சீன அமெரிக்க இளைஞர். நவம்பர் 9-ம் தேதி, சிச்சுவான் மலையில் ஒரு மரப்பொந்திலிருந்து குட்டி ஒன்றை எடுத்தார்கள். கண் திறக்காத குட்டி. ஒன்றரைக் கிலோகூட இல்லை.

இங்கேதான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அந்த அம்மாளின் மூட்டையில் பால் புட்டியும் ரப்பர் காம்பும் பால் பவுடரும் இருந்தன! துப்பாக்கியோடு போனவர்களுக்குத் தோன்றாத யோசனை. ஆனால் பால் மட்டும் போதாது. வீட்டில் பூனை குட்டி போட்டிருந்தால் பார்த்திருப்பீர்கள், பால் கொடுத்ததும் தாய் குட்டியின் அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கும். நக்கினால்தான் குட்டிக்குச் சிறுநீர் போகும். பாண்டாக் குட்டிக்கும் அப்படித்தான். தாய் இல்லாத குட்டிக்கு நாம்தான் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் தடவிவிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டுக்குட்டியை மடியில் போட்டு நானும் அதைச் செய்திருக்கிறேன். விரலுக்கடியில் அந்தச் சின்ன வயிறு இளகும்போதுதான் நமக்கு மூச்சு வரும்.

சரி, ஷாங்காய்க்கு வருவோம். கப்பல் ஏறும் நேரத்தில் சுங்க அதிகாரிகள் மறித்துவிட்டார்கள். அனுமதிச் சீட்டு இல்லை. பல நாள் அலைச்சலுக்குப் பிறகு ஒரு சீட்டு கிடைத்தது. அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? ‘ஒரு நாய், 20 டாலர்.’ திரும்பச் சொல்கிறேன், ஒரு நாய், 20 டாலர். பாண்டா என்று ஒரு விலங்கு அந்தக் காகிதத்தில் இல்லவே இல்லை. காகிதத்தில் இல்லாத விலங்குக்குக் காவல் ஏது? அதற்கப்புறம் வந்தவர்கள் ஏராளமாகப் பிடித்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

டிசம்பர் 2-ம் தேதி ‘பிரெசிடென்ட் மெக்கின்லி’ கப்பல் கிளம்பியது. 18-ம் தேதி சான்பிரான்சிஸ்கோ. பெண் என்று நினைத்து சூ-லின் என்று பெயர் வைத்த அந்தக் குட்டி, பிறகு சிகாகோவின் புரூக்ஃபீல்ட் உயிரியல் பூங்காவுக்குப் போனது. பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1938 ஏப்ரலில் செத்துப்போனது. ஆண் என்பதே அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு வயதுகூட நிறையவில்லை, பாவம்.

லண்டனுக்குப் போன பாண்டாக்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. விலங்கு பிடித்து விற்பதைத் தொழிலாக வைத்திருந்த ஃபிளாய்ட் டேன்ஜியர் ஸ்மித் 1938 டிசம்பரில் பாண்டாக்களை அங்கே கப்பலில் கொண்டுவந்து இறக்கினார். அதில் வயதான ஒன்றுக்குப் ‘பாட்டி’ என்று பெயர். வந்த சில வாரங்களிலேயே அது இறந்துவிட்டது. குட்டியான மிங்கோ போர்க்காலத்திலும் தாக்குப்பிடித்து 1944 கடைசிவரை உயிரோடு இருந்தது. நன்றி, வணக்கம்.