ஏழில் ஒரு பங்கு

எல்லாருக்கும் வணக்கம். கூடைப்பந்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். நான் பேசப்போவது ஒரு பங்குக் கணக்கு. பந்து நடுநடுவே வந்துபோகும்.

அமெரிக்காவில் 1967-இல் ஏ.பி.ஏ என்று ஒரு கூடைப்பந்து லீக் தொடங்கினார்கள். ஏற்கெனவே வேரூன்றியிருந்த என்.பி.ஏ என்ற லீக்குக்கு எதிரே போட்ட போட்டிக் கடை. எதிர்க்கடை என்றால் வாசலிலேயே வித்தியாசம் தெரிய வேண்டுமே! சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று நிறத்தில் பந்து. லீக்கை நடத்திய முதல் கமிஷனர் ஜார்ஜ் மைக்கனின் யோசனை அது. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி என்ற விதியையும் கூட்டம் சேர்க்கப் பிடித்துக்கொண்டார்கள். என்.பி.ஏ அந்த மூன்று புள்ளிக் கோட்டைத் தன் தரையில் போட 1979 வரை ஆனது.

சரி, கடைசி சீசனுக்கு வருகிறேன். 1975-76. பத்து அணிகளோடு தொடங்குவதாக ஏற்பாடு. பால்டிமோர் அணி சீசன் தொடங்கும் முன்பே கலைந்தது. சான் டியாகோ 11 ஆட்டம் ஆடி மூடியது. யூட்டா 16 ஆட்டம். மிச்சம் ஏழு. ஏழு அணியை வைத்துக்கொண்டு எதற்குப் பிரிவுகள் என்று எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

கல்லாவில் காசு இல்லை, ஆனால் சரக்கு முதல் தரம். 1976 ஜனவரி 27, டென்வரில் ஆல் ஸ்டார் ஆட்டம். ஆல் ஸ்டார் என்றால் இரண்டு அணி வேண்டும், இருப்பதே ஏழு. அதனால் முதலிடத்தில் இருந்த டென்வர் ஒரு பக்கம், மற்ற அணிகளின் நட்சத்திரங்கள் மறுபக்கம். இடைவேளையில் ஐந்து பேருக்கு டங்க் போட்டி, அதாவது எழும்பிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் போட்டி, வைத்தார்கள். அந்த மாதிரிப் போட்டி அதுதான் முதல் தடவை. நியூயார்க் நெட்ஸ் அணியின் ஜூலியஸ் எர்விங், வளையத்திலிருந்து தள்ளி இருக்கும் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று, அங்கிருந்து எதிர்ப்பக்கமாக அடி எண்ணிக்கொண்டே நடந்தார். திரும்பினார், ஓடி வந்தார், கோட்டருகே எழும்பிப் பந்தை வளையத்துக்குள் திணித்தார். கால் கோட்டைக் கொஞ்சம் மிதித்ததா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. மிதித்தால்தான் என்ன?

இதையெல்லாம் நாடு பார்த்ததா? பெரிய தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தம் எதுவும் அந்த லீக்குக்கு அப்போது இல்லை. பெரும்பாலும் அரங்கத்துக்கு வந்தவர்கள் பார்த்ததுதான். மே 13 அன்று இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளி பின்தங்கியிருந்த நெட்ஸ் எழுந்து வந்து டென்வரை 112-106 என்று வென்று கோப்பையை எடுத்தது. ஏ.பி.ஏ-வின் கடைசி ஆட்டம் அதுதான்.

அடுத்த மாதமே என்.பி.ஏ-வோடு பேரம் முடிந்தது. இதற்குள் வர்ஜீனியாவும் போய்விட, மிச்சம் ஆறு. டென்வர், இண்டியானா, சான் அன்டோனியோ, நெட்ஸ் நான்கையும் என்.பி.ஏ சேர்த்துக்கொண்டது; நுழைவுக் கட்டணம் தலைக்கு 32 லட்சம் டாலர். நெட்ஸுக்கு மட்டும் கூடுதல் தண்டம். என்.பி.ஏ அணியான நியூயார்க் நிக்ஸின் எல்லைக்குள் கடை போட்டதற்காக 48 லட்சம். "பணத்துக்குப் பதிலா எர்விங்கை எடுத்துக்கோங்க" என்று நெட்ஸ் கேட்டுப் பார்த்தது. நிக்ஸ் வேண்டாம் என்றது. கடைசியில் 30 லட்சத்துக்கு அவரை ஃபிலடெல்ஃபியா அணிக்கு விற்றார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்தவரை விற்றுவிட்டு நுழைந்த நெட்ஸ், அடுத்த சீசனில் 22 வெற்றி, 60 தோல்வி.

வெளியே நின்றவை இரண்டு. கென்டக்கியின் உரிமையாளர் ஜான் ஒய். பிரவுன் 33 லட்சம் வாங்கிக்கொண்டு அணியைக் கலைத்தார். ரொக்கம், சுத்தமான கணக்கு. செயின்ட் லூயிஸ் அணியை வைத்திருந்த சில்னா சகோதரர்களோ 22 லட்சம் போதும் என்றார்கள். கூடவே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். உள்ளே போகும் நான்கு அணிகளுக்கும் வரும் தொலைக்காட்சிப் பணத்தில் ஏழில் ஒரு பங்கு, என்.பி.ஏ இருக்கும் காலம்வரை. அன்றைக்குத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது சில்லறை. கொடுத்தவர்களுக்கு வலிக்கவே இல்லை.

அப்புறம் மேஜிக் ஜான்சன் வந்தார், ஜோர்டன் வந்தார், இந்த நட்சத்திரங்களோடு தொலைக்காட்சிப் பணமும் பெருகியது. ஏழில் ஒன்றை நான்கால் பெருக்கிப் பாருங்கள்: ஓர் அணிக்குக் கிடைக்கும் தொலைக்காட்சிப் பங்கில் பாதிக்கு மேல். ஒரு ஆட்டக்காரருக்கும் சம்பளம் தராமல், ஒரு விளக்குக்கும் கரண்ட் பில் கட்டாமல். 2014-க்குள் சுமார் 30 கோடி டாலர் வாங்கிவிட்டார்கள். அந்த வருஷம்தான் என்.பி.ஏ 50 கோடி கொடுத்து அந்த வரியைப் பெருமளவு கழற்றிக்கொண்டது.

செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அதற்குப் பிறகு ஒரு கூடைப்பந்து அணியை என்.பி.ஏ தரவில்லை.