வெட்டும் மரத்துக்கு யார் குறி போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவின் காடுகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு காடு. அதில் பாதிக்கும் மேல் தனியாருக்குச் சொந்தம். விவசாயத்துக்கு ஒன்றியம் முழுவதற்கும் ஒரு பொதுக் கொள்கை உண்டு. காட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்தந்த நாட்டுக்கு அந்தந்தச் சட்டம். 1990-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடுகளின் வன அமைச்சர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். 1993-ல் ஹெல்சிங்கியில் கூடியபோது, நீடித்த வன மேலாண்மை என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம் எழுதி ஒப்புக்கொண்டார்கள். காட்டின் பல்லுயிர் வளம், விளைச்சல், மறுபடி தழைக்கிற சக்தி இவையெல்லாம் கெடாமல் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விளக்கம்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட நாடுகள் காட்டுக்குள் செய்வது ஒன்றுபோல் இல்லை. இந்த மரத்தை வெட்டலாம், இதை விட்டுவிடலாம் என்று காட்டில் நின்று முடிவு செய்பவர் யார்? ஒரு நாட்டின் வனக்கொள்கையை நான் இந்தக் கேள்வியால்தான் அளக்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து தொடங்குகிறேன். சாக்சனி பகுதியில் ஃப்ரைபர்க் என்ற ஊரைச் சுற்றி வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம், உலை எரிக்கக் கரி என்று சுற்று வட்டாரக் காடெல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. சுரங்க நிர்வாகத்தில் உயர் அதிகாரியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ் 1713-ல் ஒரு நூல் எழுதினார். வளர்கிற அளவுக்கு மட்டும் வெட்டுங்கள், வெட்டிய இடத்தில் மறுபடி வளர்த்துவிடுங்கள் என்றார். அசலில் கை வைக்காமல் வட்டியில் குடும்பம் நடத்துவது போன்ற கணக்கு. நீடித்த மேலாண்மை என்று இன்று உலகமே பேசும் பேச்சுக்கு அந்த நூலைத்தான் வேராகச் சொல்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. அது எத்தனை கன மீட்டர் மரம் என்று மட்டுமே எண்ணியது. அப்படி எண்ணினால் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை மிஞ்ச ஆளில்லை. நேராக வளரும், சீக்கிரம் பெருக்கும், அறுவை மில்லுக்கு லாயக்கானது. அகன்ற இலை மரங்களான பீச்சும் ஓக்கும் நின்றிருக்க வேண்டிய தாழ்வான இடங்களில்கூட வரிசை வரிசையாக ஸ்ப்ரூஸை நட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அது நல்ல வருமானமும் தந்தது.

அப்புறம் 2018 வந்தது. அந்தக் கோடையின் வறட்சி அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. பட்டை வண்டு என்று ஒன்று இருக்கிறது. நெல்மணியைவிடச் சிறியது. ஸ்ப்ரூஸின் பட்டையைத் துளைத்து உள்ளே போய், தாய் வண்டு மரத்தின் போக்கிலேயே ஒரு சுரங்கம் தோண்டி இரு ஓரமும் முட்டையிடும். பொரிந்த புழுக்கள் பக்கவாட்டில் ஆளுக்கொரு வழி அரித்துக்கொண்டு போகும். பட்டையை உரித்தால் உள்ளே வரி வரியாகத் தெரியும். மரத்துக்குத் தண்ணீர் போதுமான அளவு இருந்தால் துளையில் பிசின் கசிந்து வண்டைத் தள்ளிவிடும் அல்லது மூழ்கடித்துவிடும். தண்ணீர் இல்லாத மரத்துக்குப் பிசின் ஏது? வெயில் நீண்ட ஆண்டில் வண்டு இரண்டு மூன்று தலைமுறை பெருகும். ஹார்ஸ் மலையில் சரிவு சரிவாக மரங்கள் சாம்பல் நிறத்தில் நின்றபடியே செத்துக் கிடந்தன. 2018-க்குப் பிறகு ஜெர்மனியில் மறுபடி காடாக்க வேண்டிய பரப்பு மட்டும் ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல். 2024-ல் வெளியான தேசிய வனக் கணக்கெடுப்பு இன்னொன்றும் சொன்னது: கார்பனைச் சேமித்துவந்த ஜெர்மானியக் காடு, 2017-லிருந்து கார்பனை வெளியிடும் காடாக மாறியிருக்கிறது.

இதே வண்டைக் காரணம் காட்டித்தான் போலந்து அரசு 2016-ல் பியாவோவியேஜா காட்டில் வெட்டும் அளவை ஏறத்தாழ மூன்று மடங்காக்கியது. ஐரோப்பியச் சமவெளியில் மிச்சமிருக்கும் மிகப் பழைய காடுகளில் ஒன்று அது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் அது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. பொதுக் காட்டுக்கொள்கை இல்லாவிட்டாலும் பறவைகளையும் வாழிடங்களையும் காக்கும் பொதுச் சட்டங்கள் இருந்ததால் அந்தக் காடு பிழைத்தது.

நமக்கும் இதில் பங்குண்டு. இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரியாக 1864-ல் அமர்ந்த டீட்ரிச் பிராண்டிஸ் ஜெர்மானியர். சென்னை மாகாணத்துக்கு 1882-ல் வந்த வனச் சட்டத்திலும் அவர் கை உண்டு. அந்த வனவியலோடு கன மீட்டர் கணக்கும் சேர்ந்து வந்தது. நீலகிரியில் புல்வெளியை மூடிக்கொண்டு நிற்கும் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) பார்த்தவர்களுக்கு ஹார்ஸ் மலையின் கதை புதிதாக இருக்காது.

சரி, வேறு வழி உண்டா? எனக்கு மிகவும் பிடித்த நாடு ஸ்லோவேனியா. சின்ன நாடு, பாதிக்கும் மேல் காடு. கோச்செவ்யே பகுதியில் ஒரு பெரும் ஜமீன் காட்டை நிர்வகித்த லியோபோல்ட் ஹுஃப்னாகல், 1892-லேயே அதில் சில பழங்காட்டுத் துண்டுகளைக் கோடரி தொடக் கூடாது என்று ஒதுக்கினார். அவை இன்றும் நிற்கின்றன. காட்டை மொட்டையடிப்பதற்கு அங்கே 1949-லிருந்து தடை. இன்று நடப்பில் இருக்கும் வனச் சட்டம் 1993-ல் வந்தது.

அங்கே முக்கால்வாசிக் காடு தனியாருடையது. சராசரியாக ஒருவரிடம் மூன்று ஹெக்டேர் அளவுதான். அந்த மூன்று ஹெக்டேரில் ஒரு மரம் வெட்ட வேண்டுமென்றாலும் உரிமையாளர் அரசின் வனப்பணியாளரை அழைக்க வேண்டும். நம்மூரில் வனவர் என்கிறோமே, அவரைப் போன்றவர். இருவரும் சேர்ந்து காட்டுக்குள் நடக்கிறார்கள். அண்ணாந்து கிளைவிரிப்பைப் பார்ப்பார்கள். கீழே எந்தக் கன்று வெளிச்சத்துக்குக் காத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பெரிய பீச் ஒன்றை எடுத்தால் பக்கத்தில் ஃபர் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுக்கு வெயில் கிடைக்குமா, அது விழும்போது எதை நசுக்கும் என்று பேசுவார்கள். முடிவானதும் மரத்தில் குறி விழும். கண்ணில் படும் உயரத்தில் ஒன்று, வேரடியில் ஒன்று. மரம் போன பிறகும் வேரடிக் குறி கட்டையில் நிற்பதால், எது அனுமதியோடு வெட்டியது என்று பின்னால் சரிபார்க்கலாம். இந்தப் பணிக்கு உரிமையாளர் காசு கொடுப்பதில்லை. காடு தனியாருடையது என்றாலும் யாரும் உள்ளே நடந்து போகலாம். ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு கிலோ காளான்வரை பறித்துக்கொள்ளலாம்.

அங்கேயும் துன்பம் இல்லாமல் இல்லை. 2014 பிப்ரவரியில் பெய்த மழை மரத்தின் மேலேயே பனிக்கட்டியாக உறைந்து, நாட்டின் பாதிக் காட்டுக்குச் சேதம் விளைவித்தது. பின்னாலேயே பட்டை வண்டும் வந்தது. ஆனால் பல இனமும் பல வயதும் கலந்து நின்ற இடங்களில், பெரிய மரம் விழுந்தாலும் கீழே அடுத்த தலைமுறை தயாராக இருந்தது. இதற்கெல்லாம் அரசு ஆள் போட வேண்டும், சம்பளம் கொடுக்க வேண்டும். இத்தனை கோடிக் கன்று நடுவோம் என்று அறிவிப்பது அதைவிட எளிது. ஐரோப்பிய ஒன்றியமும் 2030-க்குள் 300 கோடி மரம் என்று அறிவித்திருக்கிறது. அதற்கு ஆகும் பணத்தில் ஒரு பங்காவது காட்டுக்குள் நடக்கும் ஆட்களுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜெர்மனியும் இப்போது கலப்புக் காட்டுக்குத் திரும்ப முயல்கிறது. அங்கே குறுக்கே நிற்பது மான். ஓக், ஃபர் கன்றுகளின் குருத்தைத் தேடிப்பிடித்துத் தின்கிறது. ஸ்ப்ரூஸை அவ்வளவாகத் தொடுவதில்லை. மான் வேட்டையைக் கூட்டி இளங்காட்டைக் காக்க ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேட்டைக்காரர்களுக்கும் வனக்காரர்களுக்கும் இடையே இழுபறியாகி, 2021-ல் அது நிறைவேறாமலே போனது. ஸ்லோவேனியாவின் காட்டில் கரடியும் ஓநாயும் இருக்கின்றன. மானைப் பிடிக்கும் லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப்பூனை அங்கே முன்பு அழிந்துபோயிருந்தது. 1973-ல் வேட்டைக்காரர்களே முன்னின்று ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆறு லின்க்ஸ்களைக் கொண்டுவந்து கோச்செவ்யே காட்டில் விட்டார்கள். அவற்றின் வாரிசுகள் தங்களுக்குள்ளேயே இணைந்து நலிந்தபோது, 2019-லிருந்து ருமேனியாவிலிருந்தும் ஸ்லோவாக்கியாவிலிருந்தும் புதியவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நன்றி, வணக்கம்.