மாற்றாள் இல்லாத வீடு

நடுவர் அவர்களே, பாம்பன் கரையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நாள்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்பவரின் மனச்சோர்வைத் தீர்க்கும் பொறுப்பு வீட்டாருடையதா, ஊருக்கும் அரசுக்கும் உரியதா என்ற கேள்வியில், ஊருக்கும் அரசுக்கும் உரியது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், “பாசம் இருந்தால் பாரம் தெரியாது” என்றார், பலரும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டுத் தலைகுனிந்த பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பார்கள் என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா, கடல்பாசி எடுத்துப் பிழைத்தவர். மாமியார் பக்கவாதத்தில் படுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நாளுக்கு 12 முறை, அதில் பாதி இருட்டில். கணவர் கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரை திரும்புவார். அக்காவுக்கு முதலில் பாசி வருமானம் போயிற்று, பிறகு உறவினர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவது நின்றது, கடைசியில் பசியும் போயிற்று. “கெழவி மேல எனக்கு வெறுப்பில்ல தம்பி, கண்ணுதான் எரியுது” என்றார். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பற்றுப் போகும் நிலையை மருத்துவம் நோய் என்றே பார்க்கிறது. நாம்தான் அதைப் பாசக் குறைவு என்கிறோம்.

1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, வாழ்க்கைத்துணையைப் பராமரித்து அதனால் நெருக்கடியை உணர்ந்த முதியவர்கள் நான்கு ஆண்டுகளுக்குள் இறக்கும் அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. இரவுத் தொழிலுக்குப் போகும் படகில்கூட முறைவைத்துத்தான் கண்ணயர்கிறார்கள். ஒரே ஆள் நான்கு ஆண்டுகள் விழித்திருக்க வேண்டும் என்று கடல் அறிந்த எவரும் சொல்ல மாட்டார்.

இதே மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்ற வீடுகளையெல்லாம் பாசமற்றவை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வீட்டருகே மருத்துவமும், கைமாற்றிவிட ஓர் ஆளும் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள்!

கேரள அரசின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம், படுக்கையிலிருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. தொகை சிறிதுதான், ஆனாலும் பராமரிப்பவர் என்று ஒருவர் இருப்பதை அரசு ஏட்டில் எழுதிவிட்டது. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வருகிறது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அப்படி வந்து நோயாளிக்கு ரத்த அழுத்தம் பார்த்த பிறகு, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கையிலும் அதே கருவியைக் கட்டி, “கடைசியாக நீங்கள் எப்போது தூங்கினீர்கள்?” என்று கேட்க வேண்டும் என்பதும், மாதத்தில் இரண்டு நாளாவது அவருக்கு மாற்றாள் அனுப்ப வேண்டும் என்பதும் எங்கள் அணியின் கோரிக்கை. அதை மனத்தில் கொண்டு தீர்ப்பளிக்குமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.