வியன்னாவின் வாடகைக் கணக்கு: 'பாடமே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"சோசலிச வரலாறு இன்றைய அரசியலுக்குப் பாடமா, பழங்கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாடமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று அம்பு விட்டார். சோவியத் காலத்து மாஸ்கோ கடைவாசல் வரிசை ஒன்று. ஆணித் தொழிற்சாலைக்கு எடையில் இலக்கு வைத்த கதை ஒன்று. மூன்றாவது, பொருளாதார அறிஞர் லுட்விக் வான் மீசஸ் 1920இல் எழுதிய கட்டுரை: உற்பத்திச் சாதனங்களுக்குச் சந்தை விலை இல்லாவிட்டால், திட்டம் போடுகிறவருக்குக் கணக்கே போட வராது என்பது அதன் சாரம்.

முதல் இரண்டையும் அவருக்கே விட்டுத்தருகிறேன். எடையில் இலக்கு வைத்தால் ஆணி கடப்பாரையாகும், எண்ணிக்கையில் வைத்தால் குண்டூசியாகும். தப்பு என்று சொல்ல வேண்டியவன் வாய் திறக்க முடியாத நாட்டில் அது அப்படித்தான் நடக்கும். மூன்றாவது அம்பில் மட்டும் ஒரு சங்கதியை விட்டுவிட்டார். மீசஸ் எந்த ஊரில் உட்கார்ந்து அதை எழுதினார்? ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில். அதே ஊரில், அதே ஆண்டுகளில், மார்க்ஸைப் படித்த ஒரு கூட்டம் மாநகராட்சியை நடத்திக்கொண்டிருந்தது. விலையை ஒழிக்காமல், விலையை வைத்தே கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைத்தான் சபையில் வைக்கப் போகிறேன்.

முதல் உலகப் போர் முடிந்தபோது வியன்னா, பேரரசு போய்த் தலை மட்டும் மிஞ்சிய ஊர். தொழிலாளி வீடு என்றால் சமையலறையும் ஓர் அறையும்தான். கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் நடைவழியில், பல குடும்பங்களுக்குப் பொதுவாக. அந்தக் குழாய்க்கு 'பாசெனா' என்று பெயர். ஊர் வம்பு பேசுவதற்கே அங்கே 'பாசெனாப் பேச்சு' என்று ஒரு சொல் உண்டு. நம்ம குழாயடிதான், குளிர் மட்டும் கூடுதல்! 1919 மே மாதத் தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி மாநகராட்சியில் அறுதிப் பெரும்பான்மை பெற்றது.

வென்ற கையோடு வீடு கட்டிவிட முடியவில்லை. வரி போடும் அதிகாரம் கையில் இல்லை. 1922 ஜனவரி 1 முதல் வியன்னா தனி மாநிலமானது. அதன்பிறகுதான் வழி பிறந்தது. எதிரணியினர் கொடி, ஊர்வலம், புரட்சி என்று பார்க்கிறார்கள். நான் அந்த ஜனவரி 1ஐப் பார்க்கிறேன்.

நிதிப் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? ஹியூகோ பிரைட்னர் என்ற வங்கி இயக்குநரிடம்! கார் வைத்திருந்தால் வரி, ஷாம்பெயினுக்கு வரி, வீட்டு வேலைக்கு இரண்டாவது ஆள் வைத்தால் வரி. 1923இல் வந்தது வீட்டுக்கட்டுமான வரி. போருக்கு முந்தைய வாடகை மதிப்பை வைத்து விதித்தார்கள். சின்ன வீட்டுக்கு நாலு காசு, மாளிகைக்கு ஏணி வைத்து ஏறியது. நகரத்தின் மிக விலையுயர்ந்த வீடுகள், அதாவது மொத்த வீடுகளில் அரை சதவீதம், அந்த வரியில் ஏறத்தாழ 45 சதவீதத்தைக் கட்டின.

அடுத்தது நிலம். போர்க் காலத்திலேயே வாடகையை உறையவைத்திருந்தார்கள். பணவீக்கம் அந்த வாடகையைக் கரைத்தே விட்டது. வாடகையில் லாபம் இல்லையென்றால் தனியார் கட்டுவாரா? கட்டவில்லை. கட்ட ஆள் இல்லாத நிலம் விலை சரியாமல் இருக்குமா? சரிந்தது. சரிந்த விலைக்கு மாநகராட்சி வாங்கிப் போட்டது. நடுவர் அவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இன்னொரு வியன்னாக்காரர், பொருளாதார அறிஞர் ஹயெக், வாடகைக் கட்டுப்பாடு புதுக் கட்டுமானத்தைக் கொல்லும் என்று வாதாடினார். தனியார் கட்டுமானத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை! வாடகையை உறையவைத்துவிட்டு அரசு கைகட்டி நின்றிருந்தால், ஹயெக் முழுசாக ஜெயித்திருப்பார். மாநகராட்சி கட்டியது. அதனால் பாதிதான் ஜெயித்தார்.

'வீட்டைக் கட்டிப் பார்' என்பார்கள். 1923இல் ஐந்தாண்டுக்கு 25,000 வீடு என்று இலக்கு வைத்தார்கள், கெடுவுக்கு முன்பே முடித்தார்கள். 1934க்குள் 60,000க்கும் மேல். கதவு, ஜன்னலுக்கு ஒரே அளவு வைத்து, பொருளை மொத்தமாக மாநகராட்சியே வாங்கியது. வேலையில்லாதவர் நிறைந்த ஊர் என்பதால் ஆள் அதிகம் வேண்டியிருக்கும் செங்கல் வேலையையே பெரும்பாலும் வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் முக்கால்வாசி வீடுகள் 38 சதுர மீட்டர், மீதி 48. சிறிசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழாயும் கழிப்பறையும் வீட்டுக்குள் வந்தன. குளியலறையும் சலவைக்கூடமும் வளாகத்துக்குப் பொது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் வளாகத்தில் 1,382 வீடுகள். மொத்த மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கட்டடம், மற்றதெல்லாம் முற்றமும் மரமும்.

வாடகை எவ்வளவு? தொழிலாளி கூலியில் 4 சதவீத அளவு. இதில் மாயமும் இல்லை, தர்மமும் இல்லை. தனியார் வாடகையில் பெரும்பங்கு, நிலத்துக்கும் கட்டுவதற்கும் வாங்கிய கடனுக்கான வட்டி. இங்கே கடன் வாங்காமல் அந்தந்த ஆண்டு வரிப்பணத்தில் கட்டினார்கள். வட்டி இல்லை, லாபம் இல்லை. பராமரிப்புச் செலவு மட்டும் வாடகையாக நின்றது. மீசஸ் சொன்ன விலைக்கணக்கு செங்கலுக்கு இருந்தது, சிமெண்டுக்கு இருந்தது, கொத்தனார் கூலிக்கும் இருந்தது. எந்த இடத்தில் விலையை வைத்துக்கொள்வது, எந்த இடத்தில் எடுத்துவிடுவது என்று தெரிந்து செய்தார்கள்.

"அவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் நின்றது?" என்று எதிரணி கேட்கும். 1931 முதல் மத்திய அரசு வரிப் பங்கீட்டில் வியன்னாவின் பங்கை வெட்டியது. வெளியே உலகப் பெருமந்தம். கடன் வாங்காமல் வரியில் கட்டும் முறையின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். வரி வற்றினால் சாரம் இறக்க வேண்டியதுதான். 1934 பிப்ரவரியில் மத்திய அரசின் படை கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது பீரங்கி வைத்துச் சுட்டது. கட்சி தடைசெய்யப்பட்டது. தானாகத் திவாலானது என்று யாராவது சொன்னால், பீரங்கிக்கு யார் பதில் சொல்வது?

இன்றைக்கு வாருங்கள். வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தமாக சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. லாப வரம்புள்ள கட்டுமானச் சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால் ஊரில் ஏறக்குறைய பாதிப் பேர் அவற்றில் வாழ்கிறார்கள். சம்பளத்தில் 1 சதவீதம், தொழிலாளி பாதி, முதலாளி பாதி, வீட்டுவசதிப் பங்களிப்பாகப் பிடிக்கப்படுகிறது. பெரிய நிலங்களைக் குடியிருப்புக்கு வகைமாற்றும்போது மூன்றில் இரண்டு பங்கு மானிய வீடாக இருக்க வேண்டும். அந்தப் பங்குக்கு நிலவிலை, கட்டப்படும் தளப்பரப்பில் சதுர மீட்டருக்கு 188 யூரோவைத் தாண்டக் கூடாது. 2019இல் நடைமுறைக்கு வந்த விதி இது. 1920களில் விலை சரிந்ததால் நிலம் கிடைத்தது. இப்போது சரியாத விலையைச் சட்டம் பிடித்து நிறுத்துகிறது. பழங்கதைக்கு யாராவது 2019இல் திருத்தம் போடுவார்களா?

குறையை மறைக்க மாட்டேன். நுழையும்போது மட்டும்தான் வருமானம் பார்க்கிறார்கள். பிறகு சம்பளம் எவ்வளவு ஏறினாலும் வீடு அவருடையதே. இரண்டு ஆண்டு வியன்னாவில் குடியிருந்தால்தான் மாநகராட்சி வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் புதிதாக வருகிறவர் முதலில் தனியார் வாடகையில் அல்லாட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு 2006 வரை மாநகராட்சி வீட்டின் கதவே திறக்கவில்லை. தொழிலாளர் ஒற்றுமை பேசிய கட்சிக்கு இது அழகில்லை.

இப்போது பெர்லினைப் பக்கத்தில் வையுங்கள். 2004இல் பெர்லின் மாநில அரசு தன் வீட்டு நிறுவனத்தை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு விற்றது. வாங்கியவர்கள் நிறுவனத்தின் கடனையும் ஏற்றார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். விற்ற கூட்டணியில் யார் யார்? சமூக ஜனநாயகக் கட்சி, ஜனநாயக சோசலிசக் கட்சி! பெயரில் சோசலிசம் இருந்தது, கணக்குப் புத்தகம் பரணில் கிடந்தது. வாடகை ஏறியதும் 2020இல் உச்சவரம்புச் சட்டம் போட்டார்கள். அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2021 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் அடித்துப் போட்டது. 1922 ஜனவரி 1ஐ ஏன் இழுத்தேன் என்று இப்போது புரிகிறதா? அதே 2021இல் பெர்லின் 14,750 வீடுகளை 246 கோடி யூரோ கொடுத்துத் திரும்ப வாங்கியது.

மணி அடித்துவிட்டார் நடுவர். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கணக்கு: அந்த 246 கோடியை 14,750ஆல் வகுத்து, பழைய கடனையும் சேர்த்தே 2004 விலையோடு ஒப்பிட்டு, நடுவில் உள்ள தொகை யார் பைக்குப் போனது என்று சபைக்குச் சொல்லட்டும்.